உப்புத் தண்ணிக்கு விழுந்த ஓட்டு

செய்தி வந்தபோது மணி பதினொன்று ஆகவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஸாதனாவின் கையில் சொட்டுக் குழாய் இருந்தது. குடுவைக்குள் காந்தத் துண்டு சுழன்று தண்ணீரைக் குழியாக்கிக்கொண்டிருந்தது. மருந்தும் பாலிமரும் கரைந்த திரவத்தை அந்தக் குழியின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக விட வேண்டும். நடுவில் நிறுத்தினால் துகள்கள் பெரிதும் சிறிதுமாகக் கலந்துபோகும், பிறகு எதற்கும் உதவாது. மேசை மேல் அலைபேசி அதிர்ந்து அடங்கியது. மறுபடி அதிர்ந்தது. தண்ணீர் மெல்ல மெல்ல நீலம் பூத்த பால் நிறத்துக்கு மாறியது. கடைசிச் சொட்டையும் விட்ட பிறகுதான் அவள் கையுறையைக் கழற்றினாள்.

விடாமல் அழைத்தவன் மாரிச்செல்வம், அடுத்த வீட்டு அழகம்மாளின் மகன்.

"ஸாதனாக்கா, அம்மா போயிட்டாங்க."

"எங்கடா போனாங்க?" என்று கேட்டுவிட்டாள். மறுமுனையில் அவன் விம்மினான். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் பின்பக்கத்துச் சந்தில், அழகம்மாள் வழக்கம்போல வீட்டு வாசல்களில் பிளாஸ்டிக் கழிவு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். ஒரு வாசலில் மூட்டையைக் கட்டி வைத்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறாள். வீட்டுக்காரர் செம்போடு வெளியே வருவதற்குள் சுவரில் சாய்ந்துவிட்டாள். கூட வந்த பெண்கள் ஆட்டோ பிடித்துக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது உடம்பு மட்டும்தான். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஸாதனா குடுவையைப் பார்த்தாள். காந்தத் துண்டு தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அழகம்மாள் மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவள். அவளுடைய அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து மிளகுக் கிடங்குகளில் மூட்டை சுமக்க வந்தவர். வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் மலையாளம் என்று வளர்ந்தாள். மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. கல்யாணமான புதிதில் இடக்கொச்சியில் இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போனாள். விடியற்காலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் உச்சிப்பொழுதுக்குத்தான் எழுந்திருப்பது. முட்டு இரண்டும் அங்கேதான் தேயத் தொடங்கின. கணவர் ராசப்பன் இறந்த பிறகு, வீடு வீடாகப் பிளாஸ்டிக் கழிவு வாங்கும் பெண்கள் கூட்டத்தில் சேர்ந்தாள். பச்சைக் கோட்டு மாட்டிக்கொண்டு தோளில் சாக்கோடு அவள் தெருவுக்குள் நுழைந்தால் நாய்கள்கூடக் குரைப்பதை நிறுத்திவிடும் என்று மாரி கேலி செய்வான். அவ்வளவு சத்தமாகப் பேசிக்கொண்டே வருவாள்.

ஸாதனாவின் அம்மா ஓட்டல் சமையலுக்கு இருட்டோடு கிளம்பிவிடுவதால், பள்ளிக்கூட நாளிலிருந்தே ஸாதனாவுக்குக் காலைச் சாயா அழகம்மாள் வீட்டில்தான். அவள் எம்.ஃபார்ம் முடித்து, எறணாகுளத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, மூட்டுவாதத்துக்கான நானோ மருந்துக் குழுவில் வேலை செய்யத் தொடங்கியபோதும் அந்தச் சாயா நிற்கவில்லை.

"அப்படி என்னதான் மோளே செய்யுற அங்க?" என்று ஒருநாள் அழகம்மாள் கேட்டாள். மகளே என்பது அவள் வாயில் எப்போதும் மோளேதான்.

ஸாதனா சொன்னாள். முட்டுக்குள் சாதாரண மருந்தைப் போட்டால் சில நாளில் அது வெளியேறிவிடும். அதனால் மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத துகள்களுக்குள் அடைத்துப் போடுகிறோம். ஒரு தலைமுடியின் குறுக்கே நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்கும், அவ்வளவு சின்னது. உள்ளே இருந்துகொண்டு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடும்.

"துகள் எதுல செஞ்சது?"

"ஒரு மாதிரி பிளாஸ்டிக்னு வச்சுக்கங்களேன்."

அழகம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். "ஊர் பூரா பிளாஸ்டிக்கப் பொறுக்கிக்கிட்டு அலையுறேன் நான். நீ என் முட்டுக்குள்ளயே கொண்டாந்து போடப் போறியா?"

"இது தானாக் கரைஞ்சு போயிரும் அத்தே."

"கரையுமா? அப்ப அதுலயே கடைக்காரனுக்குக் கவர் செஞ்சு குடுக்க வேண்டியதுதான? எனக்கு வேலை மிச்சம்."

வேலை எளிதாக இல்லை. முதல் நாலைந்து வருடம் ஒரே கோளாறு. துகள்கள் உள்ளே வைத்திருந்த மருந்தில் பெரும்பகுதியை முதல் நாளிலேயே கொட்டிவிட்டன. மீதி நாட்களுக்கு விட ஒன்றும் இருக்காது. ஸாதனா மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வரும் சாயங்காலங்களில் அழகம்மாளுக்குக் கேட்காமலே தெரிந்துவிடும்.

"என்ன, இன்னிக்கும் கொட்டிருச்சா? என் ராசப்பனும் அப்படித்தான். ஒண்ணாந்தேதி கைக்கு வரும், ரெண்டாந்தேதி பாக்கெட்டத் தடவிக்கிட்டு உக்காந்திருப்பாரு. நாப்பது வயசுக்கு மேலதான் நிதானம் வந்துச்சு. உன் துகளுக்கும் வரும், பொறு."

வந்தது. பாலிமரை மாற்றி, அளவை மாற்றி, எத்தனையோ முறை தோற்ற பிறகு ஒரு செய்முறை நிலைத்தது. விலங்குகளில் சோதித்தார்கள், அனுமதிகள் வந்தன, வேறொரு ஊரில் சுத்த அறைத் தொழிற்கூடம் ஒன்றில் ஊசிக்கான மருந்து தயாரானது. பிறகு ஒரு மருத்துவமனையில், முட்டுத் தேய்மானம் உள்ள கொஞ்சப் பேருக்குப் போட்டுப் பார்க்கும் கட்டம் வந்தது. அழகம்மாள் அந்த மருத்துவமனைக்குத்தான் முட்டுவலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். டாக்டர் ஹரிநாராயணன் அவளிடம் ஆய்வைப் பற்றிச் சொன்னதும், "எங்க ஸாதனா ஊசியா? போடுங்க சாரே, ரெண்டு முட்டுலயும் போடுங்க" என்றாளாம். ஒரு முட்டில்தான் போடுவார்கள்.

அழகம்மாளோடு தனக்குள்ள பழக்கத்தை ஸாதனா ஆய்வுக் குழுவிடம் முன்னமே சொல்லிவிட்டாள். ஆய்வுக்கூடத்தில் இருப்பவளுக்கு நோயாளிகளோடு எந்த வேலையும் இல்லை. வலியைக் கேட்டுக் குறிப்பது விஜி என்ற ஒருங்கிணைப்பாளர். அதனால் தடையில்லை என்றார்கள். ஆனால் அழகம்மாளின் வலியைப் பற்றி ஸாதனா அவளிடம் பேசக்கூடாது.

ஆடியில், கர்க்கடக மழையில் ஊசி போட்டார்கள். அன்று சாயங்காலமே மதிலுக்கு மேல் அழகம்மாளின் தலை தெரிந்தது.

"மோளே, உன் ஊசிக்குச் சட்டை போட்டு வச்சிருக்காங்களே, நீலக் காகிதத்துல. வெக்கமா அதுக்கு?"

"உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியக்கூடாது அத்தே. என்கிட்ட இதெல்லாம் பேசாதீங்க."

"சரி சரி. பேசல."

பேசாமல் இருக்க அவளால் முடியுமா? வாரம் ஒருமுறை விஜி போனில் கூப்பிடுவாள்: வலி பத்துக்கு எத்தனை? ஊசிக்கு முன்னால் அழகம்மாள் சொன்ன எண் எட்டு. ஓணம் நெருங்கும்போது ஒருநாள், துணி உலர்த்திக்கொண்டிருந்த ஸாதனாவிடம் கிசுகிசுப்பாகச் சொன்னாள், "சைபர்."

ஸாதனா காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். ஆனால் அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பத்து வருட உழைப்பு, பக்கத்து வீட்டு முட்டில் பலித்துவிட்டது. கூடாது கூடாது என்று மனசைக் கட்டினாலும் அது கட்டுக்குள் நிற்கவில்லை. படகில் எறணாகுளம் போகும்போது காயலைப் பார்த்துத் தனியாகச் சிரித்தாள்.

அடுத்த வாரம் ஒரு விடுமுறை நாளில், துணி தைக்கக் கொடுக்க ஒரு பழைய மாடி வீட்டுக்குப் போனாள். வாசலில் பிளாஸ்டிக் சாக்கு கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால், செங்குத்தான மரப்படியில் அழகம்மாள் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தபடியே ஒரு படி இறங்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த படிக்கு உடம்பை நகர்த்தினாள்.

"அத்தே, இதென்ன கோலம்?"

அழகம்மாள் திடுக்கிட்டு, உடனே சிரித்தாள். "சும்மா எறங்கிப் பாத்தேன் மோளே."

"உக்காந்துகிட்டா?"

"கொச்சுப் பிள்ளைங்க இப்படித்தான எறங்குது. எனக்கும் ஆசை இருக்காதா?"

ஸாதனா கைகொடுத்து எழுப்பினாள். முழு எடையும் அவள் தோளில் இறங்கியது. எழுந்து நின்றதும் அழகம்மாளின் மேல்உதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. ஸாதனா அவளைச் சந்து முனைச் சாயாக்கடைக்குக் கூட்டிப்போனாள்.

"சேட்டா, ரெண்டு சாயா, ஒண்ணு வித்தவுட்," என்றாள் அழகம்மாள். சர்க்கரை இல்லாதது அவளுக்கு. சாயா வந்ததும் ஸாதனா கேட்டாள்.

"இப்ப சொல்லுங்க. பத்துக்கு எத்தனை?"

"நீ கேக்கக் கூடாதுல்ல?"

"கேக்கக் கூடாதுதான். சொல்லுங்க."

"ஏழு. மழ பேஞ்சா எட்டு."

"அப்ப சைபர்?"

"அது பின்ன..." அழகம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எத்தனை வருஷம் அழுதுக்கிட்டு வந்திருக்க நீ, இந்தப் பாழாப்போன துகளுக்காக. பக்கத்து வீட்டுக்காரி நானே வலிக்குதுன்னு சொன்னா, மத்தவங்க என்ன சொல்வாங்க? பரீட்சையில உனக்கு மார்க் குறைஞ்சு போகும்ல? என் முட்டு எப்பவும் வலிக்குறதுதான். சைபர்னு சொல்றதுக்கு நாக்கு ஒண்ணும் தேயாது."

ஸாதனாவுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் சாயாவோடு விழுங்கினாள்.

"அத்தே, உங்களுக்குப் போட்டது என் மருந்துதான்னு யாரு சொன்னா?"

"பின்ன?"

"பாதிப் பேருக்கு மருந்து. பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. எது யாருக்குன்னு டாக்டருக்கும் தெரியாது, விஜிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கையெழுத்துப் போடும்போதே வாசிச்சுக் காட்டினாங்களே."

"வாசிச்சாங்கதான். அது மத்தவங்களுக்குன்னு நெனச்சேன். அடுத்த வீட்டுக்காரிக்கா உப்புத் தண்ணி குடுப்ப நீ?"

"குடுத்திருக்கலாம். உப்புத் தண்ணி போட்டவங்களுக்கும் மருந்து போட்டவங்களுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பாக்குறதுதான் பரீட்சையே. உங்களுக்கு விழுந்தது உப்புத் தண்ணியா இருந்தா, நீங்க சைபர்னு சொன்னதுக்கு என்ன அர்த்தம்?"

அழகம்மாள் யோசித்தாள். முகம் மெல்ல மாறியது. கை தானாக நெஞ்சுக்குப் போனது.

"எண்ட பகவதி! நான் உப்புத் தண்ணிக்கா ஓட்டுப் போட்டேன்?"

கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். ஸாதனாவுக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். அழகம்மாள் சிரிக்கவில்லை. "எத்தனை வாரமா உனக்கு எதிராப் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"எனக்கு எதிராவும் வேண்டாம், சாதகமாவும் வேண்டாம். வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க. மருந்து பலிக்கலைன்னா பலிக்கலைன்னு தெரியட்டும். தெரியாம நாளைக்கு ஊரெல்லாம் போட்டு, யாருக்கும் வலி போகலைன்னா?"

இதை ஆய்வுக் குழுவிடம் சொல்லாமல் இருக்க முடியாது என்று ஸாதனா சொன்னதும், "நானே போயிச் சொல்றேன். நீ சொன்னா குண்டணியாப் போயிரும்" என்றாள் அழகம்மாள். மறுநாள் பச்சைக் கோட்டோடேயே டாக்டர் முன்னால் போய் நின்றாளாம். ஆய்விலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று ஸாதனாதான் பயந்தாள். ஹரிநாராயணன் திட்டவில்லை. முன்பு சொன்ன எண்கள் சொன்னபடியே இருக்கும், பக்கத்தில் நடந்ததைக் குறித்து மேலே தெரிவிப்போம், இனிமேல் உள்ளதைச் சொல்லுங்கள் என்றார். வலிக்கிறது என்று சொல்வதுதான் நீங்கள் எங்களுக்குச் செய்யும் உபகாரம் என்றும் சொன்னாராம். அந்த ஒரு வாக்கியத்தை அழகம்மாள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அதற்குப் பிறகு விஜியின் பாடு திண்டாட்டமானது. பத்துக்கு எத்தனை என்று கேட்டால், "ஆறே முக்கால்" என்று பதில் வரும். முழு எண்ணாகச் சொல்லுங்கள் சேச்சி என்றால், "முழுசாச் சொன்னா கால் பங்கு பொய் ஆயிருமே" என்பாள். காலையில் எவ்வளவு, சாக்கு தூக்கும்போது எவ்வளவு, மாரி கல்யாணப் பேச்சைத் தட்டிக் கழிக்கும்போது எவ்வளவு என்று தனித்தனியாகக் கணக்கு வைத்திருந்தாள். எண்ணை மட்டும் ஸாதனாவிடம் வாய் திறந்து சொல்லவில்லை. மதிலுக்கு மேல் தலை தெரிந்தால், "இன்னிக்கு உள்ளதச் சொல்லிட்டேன்" என்பாள். அவ்வளவுதான்.

ஸாதனாவும் கேட்கவில்லை. கண்ணை மட்டும் என்ன செய்வது? கார்த்திகை மாதத்தில் ஒருநாள், படகுத் துறைப் படிகளில் கைப்பிடியைத் தொடாமல் அழகம்மாள் இறங்கி வருவதைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குளிர்ந்த காற்றா, ஓய்வா, பழக்கமா, துகள்களா, யாருக்குத் தெரியும். உப்புத் தண்ணியில் குணமானவர்களும் உண்டு. இருந்தாலும் அன்று இரவு வேண்டிக்கொள்ளத் தெரியாத ஒன்றை வேண்டிக்கொண்டே படுத்தாள்.

தை பிறந்து சில நாளில்தான் மாரியின் அழைப்பு வந்த அந்த வியாழக்கிழமை.

வீட்டுக் கூடத்தில் அழகம்மாளைக் கிடத்தியிருந்தார்கள். பச்சைக் கோட்டுப் பெண்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாரி ஸாதனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அந்த ஊசிக்கும் இதுக்கும் ஒண்ணுமில்லல்ல?" என்று கேட்டான். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தவிப்பு. வழி நெடுக அந்தக் கேள்வியைத்தான் அவளும் சுமந்துகொண்டு வந்திருந்தாள்.

"எனக்குத் தெரியல மாரி. பாப்பாங்க. உள்ளதச் சொல்லச் சொல்றேன்," என்றாள். அவன் தலையசைத்தான்.

ஆய்வில் இருக்கும் யார் இறந்தாலும், ஆய்வோடு சம்பந்தப்படாத ஒரு குழு எல்லாத் தாள்களையும் வாங்கிப் பார்க்கும். அந்த வாரங்களில் ஸாதனா சொட்டுக் குழாயைத் தொடவில்லை. அழகம்மாளின் அண்ணனும் இதே வயதில் இதே மாதிரி போனவர் என்பது பேச்சுவாக்கில் வெளிவந்தது. முட்டுக்குள் போட்டதற்கும் மாரடைப்புக்கும் தொடர்பில்லை என்று மாசிக் கடைசியில் குழு எழுதியது. அதை மாரியிடம் முதலில் போய்ச் சொன்னவள் ஸாதனாதான். அவன் அம்மாவின் படத்தைப் பார்த்து, "கேட்டுக்கோம்மா" என்றான்.

நீலக் காகிதத்துக்குள் இருந்தது எது என்று குழு சொல்லவில்லை. ஆய்வு முடியும்வரை சொல்ல மாட்டார்கள். மற்ற நோயாளிகளுக்கு இன்னும் மாதங்கள் மீதியிருக்கின்றன. ஸாதனா மறுபடி சொட்டுக் குழாயை எடுத்துவிட்டாள். அழகம்மாள் ஓட்டு யாருக்குப் போனது என்று பெட்டி திறக்கும் நாளில் தெரியும். மருந்துக்குப் போயிருக்க வேண்டும் என்று ஸாதனா ஆசைப்படுகிறாள். தனக்காக இல்லை. கடைசி மாதங்களில் அந்த முட்டு நிஜமாகவே கொஞ்சம் ஓய்ந்திருந்தது என்று தெரிந்தால் போதும்.

போன வாரம் விஜியை மருத்துவமனை கான்டீனில் பார்த்தாள். எண்களைப் பற்றி விஜி சொல்லவில்லை, ஸாதனாவும் கேட்கவில்லை. இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் அழகம்மாளோடு பேசியதை மட்டும் விஜி சொன்னாள். மாதம் ஒருமுறை கேட்கும் நீளமான கேள்விகள் அன்று. கட்டிலிலிருந்து எழும்போது எப்படி, கடைக்குப் போகும்போது எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வந்து, காரில் ஏறி இறங்கும்போது எவ்வளவு சிரமம் என்று கேட்டிருக்கிறாள்.

"நான் என்னிக்கு மோளே காருல ஏறினேன்?"

"சும்மா ஒரு ஊகமாச் சொல்லுங்க சேச்சி. எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"ஊகமாச் சொல்லிச் சொல்லித்தான் ஒருக்கா உப்புத் தண்ணிக்குப் போட்டேன். நீ போனை வை. மாரி வேலை பாக்குற ஓட்டல்ல கார் இருக்கு. ஞாயித்துக்கிழமை கொண்டாறச் சொல்றேன். ஏறி எறங்கிட்டு உனக்கு உள்ளதச் சொல்றேன்."

மாரி ஃபோர்ட் கொச்சி ஓட்டல் முதலாளியிடம் ஞாயிறு காலைக்குக் காரைக் கேட்டு வைத்திருந்தான்.

மற்றக் கேள்விகளுக்கெல்லாம் விஜி அன்றே குறித்துவிட்டாள். காரில் ஏறி இறங்கும் கேள்விக்கு நேரே மட்டும் எதுவும் குறிக்கப்படவில்லை.